பக்கம் மாறாதவர்

ஹாக்கியில் இடைவேளை முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும், நடுவர்கள் மாறமாட்டார்கள். திடலில் ஆளுக்கொரு பாதி. எதிரெதிர்க் கோட்டோரத்தில் நின்று, தன் வலக்கைப் பக்கம் இருக்கும் கோலுக்குப் பொறுப்பேற்று, ஆட்டம் முடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். முதல் பாதியில் சிவப்புச் சட்டை அணியின் தற்காப்பைப் பார்த்தவர், அடுத்த பாதியில் அதே இடத்தில் நீலச் சட்டையின் தற்காப்பைப் பார்ப்பார். அதனால் ‘அவர் உங்கள் பக்கத்து நடுவர்’ என்று எந்த அணியும் மற்றதைக் குற்றம்சாட்ட வழியில்லை. பேராக்கின் ஈப்போ பாடாங்கில் வெள்ளை டிரில் கால்சட்டையோடு விசில் ஊதிய காலத்திலும் இதுதான் முறை. இன்று அதே ஊரின் அஸ்லான் ஷா அரங்கில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் இதுதான். இதைத் தவிர, அவர்கள் வேலையில் மாறாதது எது என்றால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பேராக் தமிழர்களில் பெரும்பாலோருக்கு ‘நடுவர்’ என்றதும் கால்பந்து நடுவரே நினைவுக்கு வருவார். அது இயல்பு. ரப்பர்த் தோட்டத்தில் ஆளுக்கொரு ஹாக்கி மட்டை வாங்க எங்கே போவது? பந்து ஒன்று போதும், இருபத்திரண்டு பேர் ஆடலாம். பால்வெட்டு விடியலுக்கு முன்னே தொடங்கி, பாலை ஸ்டோரில் சேர்த்துவிட்டால் நண்பகலோடு முடிந்துவிடும். மாலையில் திடலுக்கு ஆள் சேரும். விசில் கிராணியாரிடமோ தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடமோ இருக்கும். சட்டப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது அதற்கு ஒரு காரணம். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் வாசிக்கிறவரே மாலையில் ஃபவுல் என்று கை நீட்டினால் எதிர்த்துப் பேச யாருக்கும் நா எழாது என்பது இன்னொரு காரணம். இதை நல்ல வழக்கம் என்று சிலர் ஏக்கத்தோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டக்காரன் அடங்கியது விசிலுக்கா, பேர் வாசிக்கும் செக்ரோலுக்கா என்று பிரித்துப் பார்க்க முடியாத இடத்தில் நடுவரின் திறமையை எப்படி அளப்பது? பக்கத்துத் தோட்டத்து ஆட்களோடு ஆடும் நாளில்தான் அது தெரியவரும். வந்தவர்களுக்கு இவர் கிராணியும் இல்லை, ஒன்றும் இல்லை. விசில் வைத்திருக்கும் ஒரு மனிதர், அவ்வளவுதான்.

ஹாக்கி நகரத்தில் வளர்ந்தது. ரயில்வே, நில அளவை, பொதுப்பணி என்று அரசாங்க வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள், போலீசில் இருந்த சீக்கியர்கள், ஆங்கிலப் பள்ளி மாணவர்கள் எல்லாம் சேர்ந்து வளர்த்த ஆட்டம் அது. ஈப்போவில் 1895இல் தொடங்கிய ஏ.சி.எஸ்., 1909இல் வந்த ஆண்டர்சன், 1912இல் வந்த செயின்ட் மைக்கல் ஆகிய பள்ளிகளுக்குத் திடலும் இருந்தது, விளையாட்டைக் கடமையாக நினைத்த ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆடி ஓய்ந்தவர்களே நடுவர் ஆனார்கள். மட்டையைக் கீழே வைத்துவிட்டு விசிலைக் கையில் எடுத்தால் இன்னும் பதினைந்து ஆண்டு திடலில் நிற்கலாம் என்பதைத் தவிர அதில் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது.

அவர்கள் நடத்திய ஆட்டத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் வேறேதோ விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள். ஆட்டம் ‘புல்லி’யில் தொடங்கும். அணிக்கு ஒருவராக நடுவில் எதிரெதிரே நின்று, தரையையும் எதிராளியின் மட்டையையும் மாறி மாறி மூன்று முறை தட்டிய பிறகே பந்தைத் தொடலாம். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இதே சடங்கு. மூன்றாம் தட்டு விழுவதற்கு முன்பே ஒருவன் பந்தை இழுத்துவிடுவான். அந்த அரை நொடியைப் பிடிப்பது நடுவர் வேலை. 1980களின் தொடக்கத்தில்தான் ஆட்டத்தைத் தொடங்கும் வழியாக இருந்த புல்லி போய், பந்தைத் தள்ளிவிட்டுத் தொடங்கும் முறை வந்தது. இன்று எதிர்பாராமல் நின்றுபோன ஆட்டத்தை மீண்டும் தொடங்க மட்டும் அது எப்போதாவது தலைகாட்டும். பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் இன்னொரு கூத்து. கையால் தரையோடு உருட்டிவிட வேண்டும். மற்றவர்கள் ஏழு கெஜக் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். கால் மட்டுமன்று, மட்டையும் அந்தக் கோட்டுக்கு இப்பால் வரக்கூடாது. பத்துப் பேர் காலையும் பத்து மட்டையையும் பந்து உருட்டும் கையையும் ஒரே பார்வையில் அளந்தாக வேண்டும். 1970 வாக்கில் அது ஒழிந்தபோது நடுவர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மட்டை தோளுக்கு மேலே போனாலே குற்றம், பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பந்தைக் கையால் நிறுத்தலாம், நிறுத்தினால் அது அந்த இடத்திலேயே விழ வேண்டும், முன்னே தெறிக்கக்கூடாது. இதற்கும் முன்னால், இங்கிலாந்தில் இந்த ஆட்டம் உருவான காலத்தில், ஆட்டக்காரர் முறையிட்டால்தான் நடுவர் வாய் திறப்பார். கிரிக்கெட்டில் இன்றும் ‘ஹௌ ஈஸ் தட்’ என்று கத்துகிறார்களே, அதே வழக்கம். கேளாமலே ஊதும் அதிகாரம் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

ஆனால் இந்தப் பழைய விதிகளில் நடுவரின் உடம்பையே ஆட்டிவைத்தது ஆஃப்சைட். நடுவர் வேலையில் நேர்ந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் பலர் வீடியோ என்பார்கள். நான் ஆஃப்சைட் போனதைத்தான் சொல்வேன். பந்து அடிக்கப்படும் அந்த நொடியில், முன்னே நிற்கும் ஆட்டக்காரனுக்கும் கோல்கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். 1970களில் அது இரண்டு பேராகக் குறைந்தது. இதைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், கணக்கில் வரும் அந்தத் தற்காப்பு ஆட்டக்காரனுக்கு நேர் கோட்டில் நடுவர் நின்றாக வேண்டும். அவன் ஓரடி முன்னே வந்தால் இவரும் ஓரடி. அவன் பின்வாங்கினால் இவரும் பின்வாங்க வேண்டும். பந்தோ முப்பது கெஜத்துக்கு அப்பால் வேறொருவன் மட்டையில் இருக்கும். மட்டையில் பந்து படும் ஓசையைக் காதால் கேட்டு, அதே நொடியில் கண்ணால் கோட்டைப் பார்ப்பதே அன்றைய நடுவருக்குக் கைவந்த வித்தை. பந்தைப் பார்க்கிற நடுவர் கோட்டைத் தவறவிடுவார். கோட்டைப் பார்க்கிறவர் பந்தருகே நடந்த காலடிக் குற்றத்தைத் தவறவிடுவார். எதையாவது தவறவிட்டே ஆக வேண்டிய வேலை அது.

1990களின் பிற்பகுதியில் ஆஃப்சைட் முற்றாகப் போனது. கோட்டோடு கட்டிப்போட்ட கயிறு அறுந்தது. இப்போது நடுவர் பக்கக் கோட்டைவிட்டுத் திடலுக்குள் வரலாம். ‘டி’ வட்டத்தை எந்தக் கோணத்தில் பார்த்தால் மட்டையும் காலும் தனித்தனியாகத் தெரியுமோ அந்தக் கோணத்துக்குப் போகலாம். அதற்கு விலையும் உண்டு. முன்கள ஆட்டக்காரர்கள் எதிரணிக் கோல் வாசலிலேயே போய் நின்றுகொள்ள, ஆட்டம் திடலின் முழு நீளத்துக்கும் விரிந்தது. ஒரே அடியில் பந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். தொண்ணூற்றொரு மீட்டர் திடலில் தன் பாதிக்குள்தானே என்று நடந்து சமாளித்த காலம் முடிந்தது. தொப்பை வைத்த நடுவர் என்ற ஒரு வகையே பெரிய போட்டிகளிலிருந்து மறைந்துபோனதற்கு ஆஃப்சைட் நீக்கமும், அதன் கூடவே வந்த உடற்தகுதி ஓட்டச் சோதனைகளும்தான் காரணம்.

பழைய முறையின் உச்சத்தையும் அதன் ஆபத்தையும் ஒரே ஆட்டத்தில் காட்டு என்றால், கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கத்துக்குப் போக வேண்டும். 1975 உலகக் கிண்ணம். இயற்கைப் புல். சுண்ணாம்புக் கோடு. அரையிறுதியில் மலேசியா இந்தியாவிடம் 3-2 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. ஸ்ரீ சண்முகநாதனும் மகேந்திரனும் ஆடிய அந்த அணியைப் பற்றி இன்றும் வயதானவர்கள் பேசினால் குரல் தழுதழுக்கும். மார்ச் 15இல் இறுதி ஆட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். ஆளுக்கொரு கோலில் நிற்கும்போது, இரண்டாம் பாதியில் தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கோலின் உள்மூலையில் பட்டு வெளியே தெறித்தது. உள்ளே போய் வந்ததா, கம்பத்தில் பட்டுத் திரும்பியதா? பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் போகவில்லை என்று சூழ்ந்துகொண்டார்கள். விசில் மலேசியரான ஜி. விஜயநாதனிடம் இருந்தது. கோல் என்றார். கோல்தான். இந்தியா 2-1 என்று வென்றது. ஹாக்கியில் அந்த நாடு வென்ற ஒரே உலகக் கிண்ணம் இன்றுவரை அதுதான்.

ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பந்தைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல், கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் இல்லை. தெறித்துத் திரும்பும் பந்து கோட்டுக்கு அப்பால் இருப்பது இமைப்பொழுதுதான். அதைத் தீர்மானிக்க விஜயநாதனுக்கு இருந்தது இரண்டு கண், தான் நின்ற இடம், இவ்வளவே. எதிர்ப்புறத்து நடுவரைக் கலந்து கேட்கலாம். ஆனால் அவர் பாதித் திடலுக்கு அப்பால்.

இன்று அதே பந்து அஸ்லான் ஷா அரங்கில் தெறித்தால் என்ன நடக்கும்? ஆட்டக்காரர் ஒருவர் இரு கைகளாலும் ஆங்கில ‘T’ எழுத்துப் போலக் காட்டுவார். நடுவர் கடிகாரத்தை நிறுத்துவார். காதுக் கருவி வழியே மேலே அறையில் இருக்கும் வீடியோ நடுவரிடம் கேள்வி போகும். அரங்கமே திரையை அண்ணாந்து பார்க்கும். கேட்ட அணி சரியென்றால் கேட்கும் உரிமை கையில் தங்கும், தவறென்றால் அந்த ஆட்டத்துக்கு அதோடு தீர்ந்தது. படம் தெளிவாக இருந்தால் விவகாரம் அரை நிமிடத்தில் முடியும். ஆனால் கோல்காவலரின் கால் மறைத்துவிட்டது, கேமரா கோணம் ஒத்துவரவில்லை என்றால் வீடியோ நடுவர் ஆலோசனை எதுவும் சொல்ல இயலாது என்று கைவிரித்துவிடுவார். அப்போது திடலில் நின்றவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே முடிவு. இத்தனை கருவிக்குப் பிறகும் கடைசியில் பழைய இடத்துக்கே, அதாவது நடுவர் எங்கே நின்றார் என்ற கேள்விக்கே வந்துசேர்கிறோம் என்பதில் எனக்கு ஒரு குரூரத் திருப்தி உண்டு.

கருவிகளைச் சொல்வதென்றால் முதலில் விசில். அன்று உலோக விசிலுக்குள் ஒரு குட்டி உருண்டை உருளும். பர்மிங்ஹாமில் செய்த ஆக்மி தண்டரர்தான் பேர்போனது. நனைந்தாலும் எச்சில் ஏறினாலும் உருண்டை சிக்கிக்கொண்டு ஊமையாகிவிடும். கிந்தா பள்ளத்தாக்கில் மாலை மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டும் மழையை நினைத்தால், இங்கே எத்தனை குற்றங்கள் ஓசையின்றிப் போயிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்தத் தொல்லை ஈப்போவுக்கு மட்டும் இல்லை. கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் ஒரு முக்கியமான ஆட்டத்தில் விசில் சிக்கிக்கொண்டு அவமானப்பட்ட பிறகுதான், உருண்டையே இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கி 1987இல் வெளியே கொண்டுவந்தார். இன்று பள்ளி ஆசிரியர் பையிலும் அந்த வகைதான் இருக்கிறது. ஊதும் முறை மட்டும் மாறவில்லை. சின்னக் குற்றத்துக்குச் சிறு ஒலி, பெரிய குற்றத்துக்கு நீண்ட அதட்டல். ஒரே மாதிரி ஊதுகிறவரை ஆட்டக்காரர்கள் பத்து நிமிடத்தில் எடைபோட்டுவிடுவார்கள்.

ஆக்மி காலத்து நடுவரின் சட்டைப் பையில் ஒரு பென்சில், மடித்த தாள், சுண்டிப்போட ஒரு காசு. நேரம் பார்ப்பதும் அவர் பொறுப்பு. முப்பத்தைந்து நிமிடப் பாதி முடிவதை இருவரும் தூரத்திலிருந்தே சைகையால் ஒப்பிட்டுக்கொள்வார்கள். கடிகாரம் நின்றுபோனால் வந்த சண்டைகளை நினைத்தே சிரிக்கலாம். இப்போது பதினைந்து நிமிடக் கால்பாகங்கள் நான்கு. நேரத்தை மேசையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவர் தலைக்கு மேலே மணிக்கட்டைக் குறுக்காக வைத்தால் கடிகாரம் நிற்கும். பெனால்டி கார்னர் கொடுத்தால் அணிகள் ஆயத்தமாக நாற்பது நொடி. பையில் மூன்று அட்டைகள், நிறம் மட்டுமன்றி வடிவமும் வேறு வேறு: பச்சை முக்கோணம், மஞ்சள் சதுரம், சிவப்பு வட்டம். பச்சைக்கு இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து, சிவப்புக்குத் திரும்பி வரவே முடியாது. முன்பு ஒரு முறைப்பும், பக்கத்தில் போய்ச் சொல்லும் நாலு வார்த்தையுமே அட்டையாக இருந்தன.

சைகைகள் மட்டும் ஒரு மொழியாகவே வளர்ந்துவிட்டன. வழிமறித்தால் முன்னங்கைகளை மார்புக்கு முன்னே குறுக்கிடுவது, காலில் பட்டால் காலைச் சற்றே தூக்கிக் கணுக்காலருகே தொட்டுக் காட்டுவது, ஐந்து மீட்டர் விலகு என்றால் ஐந்து விரலையும் விரித்து மேலே நீட்டுவது, பெனால்டி கார்னருக்கு இரு கைகளையும் கோல் பக்கம் கிடைமட்டமாக நீட்டுவது. மலாய், தமிழ், சீனம், பஞ்சாபி என்று நாலு மொழி பேசுகிற அணிகளுக்கு இடையே இதைவிட நல்ல பொதுமொழி கிடையாது.

பெனால்டி கார்னர் நடுவர்களைத் தூங்கவிடாத விஷயம். பந்தைப் பின்கோட்டிலிருந்து தள்ளுவார்கள், வட்டத்துக்கு வெளியே போன பிறகு அடிப்பார்கள். 1970களில் ஒருவர் மண்டியிட்டுக் கையால் பந்தை அசையாமல் நிறுத்த, இன்னொருவர் ஓங்கி அறைவார். 1980களில் கைக்கு இடமில்லை என்றாகிவிட்டது. இன்றைய ஆயுதம் டிராக் ஃபிளிக். மட்டை வளைவில் பந்தை இழுத்துச் சுழற்றி எறிகிற அந்த வீச்சு மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இங்கே நடுவருக்கு ஒரு நுணுக்கமான கணக்கு. முதல் வீச்சு ஓங்கியடித்த அடி என்றால் அது 460 மில்லிமீட்டர் உயரப் பின்பலகைக்கு மேலே போனால் கோல் கிடையாது; இழுத்து எறிந்தது என்றால் அந்த வரம்பு இல்லை. அடியா, எறிதலா என்பதை இமைக்கும் நேரத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே நேரம், எதிரே முகமூடியோடு ஓடிவருகிறவன் கால் குறுக்கே வந்ததா, உயிருக்கு ஆபத்தாக வந்ததா என்பதையும். கோல்பக்கத்து நடுவர் ஒரு கோணத்தில் பார்க்க, அடுத்தவர் நடுக்கோட்டிலிருந்து வட்டத்துக்கு வெளியே பந்து போனதா என்று காதுக்குள் சொல்வார். முன்பு இந்த உதவியை ஒரு தலையசைப்பில் கேட்டு ஒரு விரலசைவில் வாங்கிக்கொள்வார்கள்; அதைக் கண்டுகொள்ள இருவருக்கும் பல ஆட்டப் பழக்கம் வேண்டும். பழக்கமில்லாத இருவரைச் சேர்த்துவிட்ட ஆட்டங்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே அம்பலமாகிவிடும்.

ஈப்போவுக்கு இதெல்லாம் அண்டை வீட்டுச் செய்தி. 1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம், கோலாலம்பூரில் பிறந்தாலும் ஈப்போவையே தன் ஊராக்கிக்கொண்டது. இந்தியா 1985இல் முதல் முறை வென்றது ஈப்போவில்தான். கிண்ணத்துக்குப் பெயர் தந்தவர் பத்து காஜாவில் பிறந்தவர். அரியணை ஏறுமுன் நாட்டின் நீதித்துறைத் தலைவராக இருந்தவர். பல ஆண்டுகள் தீர்ப்பு எழுதிய ஒருவர் பெயரில் நடக்கும் போட்டியில் விசில் ஊதுவது, நடுவர்களுக்குச் சற்று உதறலாகத்தான் இருந்திருக்கும்.

இந்த ஊரின் வானத்துக்கு முன்னால் எந்தத் தொழில்நுட்பமும் எடுபடாது. 2010 இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் தென் கொரியாவும் மோத வேண்டும். மழை விடவில்லை. ஆட்டத்தை நடத்த முடியாமல் கிண்ணத்தை இருவருக்கும் பொதுவென்று அறிவித்தார்கள். நீர் தெளித்து நனைத்து ஆடுவதற்கென்றே செய்த செயற்கைப் புல்தான் அது. ஆனாலும் தேங்கிய வெள்ளத்தில் பந்து உருளாது, மின்னலுக்கு அடியில் யாரையும் நிறுத்த முடியாது. 2024இல் அஸ்லான் ஷா அரங்கில் ஜப்பான் பாகிஸ்தானை ஷூட்-அவுட்டில் வென்று முதல் முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த ஷூட்-அவுட்டும் நடுவருக்குப் புது வேலை. எட்டு நொடிக்குள் கோல்காவலரைக் கடந்து பந்தைப் போட வேண்டும். இருவர் மோதிக்கொண்டால் யார் மேல் குற்றம் என்று ஓடியபடியே சொல்ல வேண்டும். பழைய காலத்தில் இந்த இடத்தில் பெனால்டி ஸ்ட்ரோக் இருந்தது. 

செயற்கைப் புல் வந்ததில்தான் கதை கசக்கிறது. 1976இல் மொன்றியால் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைப் புல்லில் ஹாக்கி ஆடினார்கள். அதற்குப் பிறகு பெரிய போட்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய புல்லைக் கைவிட்டன. பந்து நேராக ஓடுகிறது, மேடு பள்ளத்தில் எகிறி முகத்தில் அறைவதில்லை, நடுவருக்கு ஆபத்தைக் கணிப்பது எளிதாகிவிட்டது. இதையெல்லாம் மறுக்க முடியாது. புல்லில் ஆடிய ஆட்டமே உயர்ந்தது என்று சாதிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் புல் திடல் எந்தப் பள்ளியிலும் இருந்தது, செயற்கைப் புல் சில இடங்களில்தான் இருக்கிறது. அதன் அடியில் அதிர்ச்சி தாங்க ரப்பர்த் துகள்களால் ஆன மெத்தை போடுவார்கள். ரப்பர்த் தோட்டம் அழிந்த மாநிலத்தில் ரப்பர் இப்படி ஆடுகளத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்ததை விதி என்பதா, வியாபாரம் என்பதா தெரியவில்லை.

தோட்டத் திடல்களின் கதை வேறு வழியில் போனது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். சில தோட்டங்கள் தப்பின. பிறகு ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அதற்கு இவ்வளவு ஆள் தேவையில்லை. அப்புறம் நிலமே தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆயிற்று. லயத்தை இடித்தபோது வீட்டுக்கு மாற்று வீடு கேட்டுப் போராடினோம், கோயிலுக்கு மாற்று இடம் கேட்டோம், தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டோம். திடலுக்கு யாரும் மனு எழுதியதாக எனக்கு நினைவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உடுத்தவும் உறங்கவும் வழி தேடும்போது கோல் கம்பம் யாருக்கு நினைவு வரும்? ஆனால் விளைவு இதுதான்: தாமானுக்கு வந்த பிள்ளை பந்து ஆடுகிறான் என்றால் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஃபுட்சால் கூடாரத்தில் ஆடுகிறான். அங்கே நடுவரே தேவையில்லை. கத்திக் கூச்சலிட்டு அவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள்.

நடுவர்கள் திடலில் விளைகிற பயிர். பத்துத் திடலில் பத்து ஆட்டம் நடந்தால், யாராவது பத்துப் பேர் விசிலைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். அதில் ஏழு பேர் முதல் மாதமே வேண்டாம் என்று ஓடிவிடுவார்கள். மிஞ்சும் மூவரில் ஒருவருக்கு இது பிடித்துப்போகும். இப்போது ஆட்டம் செயற்கைப் புல் இருக்கும் ஓரிரு இடத்துக்குள் ஒடுங்கிவிட்டதால், நடுவர் ஆகிறவர்களும் அந்த இடத்தைச் சுற்றியே வருகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்தோ தெலுக் இந்தானிலிருந்தோ ஒரு ஆசிரியர் ஈப்போவுக்கு வந்து பழக வேண்டுமென்றால் போக்குவரத்தே ஒரு சுமை.

ஆனாலும் பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் போய்ப் பார்த்தால் பழைய கலை உயிரோடு இருப்பது தெரியும். திரை கிடையாது, காதுக் கருவி கிடையாது, பல நேரம் மேசையில் நேரம் பார்க்கவும் ஆள் இருக்காது. ஆசிரியைகள் விசில் ஊதுகிறார்கள், ஆண் பிள்ளைகள் ஆட்டத்தையும் அவர்கள் நடத்துகிறார்கள்; பாடாங் காலத்தில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் சட்டப் புத்தகம் அன்று, நிற்கும் இடம். பந்துக்குப் பின்னால் ஓடாதே, பந்து எங்கே போகப்போகிறதோ அங்கே முன்னே போ. தன் பாதியின் வலப்புற மூலை கண்ணெதிரே இருக்கும். இடப்புறத் தொலைவு மூலையில் ஆட்டக்காரர் முதுகுதான் தெரியும், அதனால் உள்ளே நட. கோல்காவலர் தோளுக்கு மேலே பந்து வந்தால் பந்தை விடு, ஆட்டக்காரர்கள் முகத்தைப் பார். யார் ஒதுங்குகிறாரோ அவரிடம்தான் ஆபத்து இருக்கிறது. 2009இலிருந்து ஃப்ரீ ஹிட் அடிப்பவர் தானே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம் என்றாகிவிட்டதால், ஊதிய பிறகு மூச்சு வாங்கிக்கொள்ளும் அந்த இரண்டு நொடி ஓய்வும் போனது. ஐந்து மீட்டர் விலகாதவன்மேல் ஊதவா, ஓடவிடவா என்று ஓடியபடியே முடிவெடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் இது இன்னும் கடினம். பந்தைச் சுற்றி அத்தனை பேரும் குவிந்துவிடுவார்கள், யார் காலில் பட்டது என்று யாருக்கும் தெரியாது, பட்டவனுக்கும் தெரியாது.

உலக ஹாக்கிச் சம்மேளனம் நீர் தெளிக்கத் தேவையில்லாத செயற்கைப் புல்லை நோக்கிப் போக விரும்புவதாகச் சில ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. வறண்ட நாடுகளை நினைத்து எடுத்த யோசனை. மழை கொட்டும் பேராக்குக்கு நீர் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் தண்ணீர்க் குழாயும் பீச்சுகிற இயந்திரமும் தொட்டியும் இல்லாத ஆடுகளம் என்றால் போடும் செலவும் பராமரிக்கும் செலவும் குறையும். அப்படி ஒன்று கைக்கு எட்டும் விலையில் வந்தால், ஒரு மாவட்டத்துக்கு ஒன்றாவது கேட்டு மனு எழுதலாம். நடுவர்கள் மட்டும் மறுபடி கணக்குப் போடத் தொடங்க வேண்டியிருக்கும். நனைந்த புல்லில் வழுக்கிக்கொண்டு போகிற பந்து உலர்ந்த புல்லில் பிடித்து நிற்கும், எகிறும். எத்தனை மீட்டர் தள்ளி நின்றால் எந்தப் பந்து ஆபத்து என்று கண்ணுக்குப் பழகிப்போன அளவெல்லாம் முதலிலிருந்து பழக வேண்டும்.